ஓடிபி யாருக்கு வரும்? சங்கப் பொறுப்பு கைமாற மூன்று வழிகள்

மும்பைத் தமிழ்க் கணக்காளர்கள், பொறியாளர்கள் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நடக்கும். கடைசி அஜெண்டாவாக நிர்வாகிகள் தேர்வு வரும்போது பாதிப் பேர் டோம்பிவிலி லோக்கல் ரயிலுக்கு நேரம் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். "நீங்களே இன்னும் ஒரு வருஷம் இருந்துடுங்க சார்" என்று ஒரு குரல். கைதட்டல். கதை முடிந்தது. இந்தக் கைதட்டலைத் தவிர்க்க மூன்று ஏற்பாடுகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது ஏணி முறை: இன்றைய துணைத் தலைவர்தான் நாளைய தலைவர். உலக மின் பொறியாளர் அமைப்பான ஐஈஈஈயில் ஒருவர் முதல் வருடம் 'பிரசிடென்ட் இலெக்ட்' (அடுத்த தலைவராகத் தேர்வானவர்), அடுத்த வருடம் தலைவர், மூன்றாம் வருடம் முன்னாள் தலைவர் என்று படியேறி இறங்குகிறார். வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் மூன்று வருடம் இருப்பேன் என்ற வாக்குறுதியை முன்கூட்டியே கேட்கிறது. துணைத் தலைவருக்குத் திடீரென்று சிங்கப்பூருக்கு மாற்றல் வந்தால் என்ன செய்வது என்று பல சங்கங்களின் பைலாவில், அதாவது விதிமுறையில், ஒரு வரிகூட இருக்காது. இதைவிட அதிகம் நடக்கும் கோளாறு வேறு. மூத்தவர் ஒருவரின் மனம் கோணக்கூடாது என்று கொடுத்த துணைத் தலைவர் பதவி, ஏணியின் தயவால் அவரைத் தலைவராக்கிவிடும். அவருக்கும் சங்கடம், சங்கத்துக்கும் சங்கடம். ஆண்டின் 12 செயற்குழுக் கூட்டங்களில் 3 கூட்டங்களைத் துணைத் தலைவரே நடத்த வேண்டும், அடுத்த ஆண்டு பட்ஜெட்டை அவரே போட வேண்டும் என்று வைத்துவிட்டால் விருப்பமில்லாதவர் முதல் வருடமே விலகிக்கொள்வார்.

இரண்டாவது போட்டித் தேர்தல். கேட்க நியாயமாக இருக்கும். 150 உறுப்பினரில் 30 பேர் வரும் சங்கத்தில், தோற்றவர் மறுவருடம் கூட்டத்துக்கே வருவதில்லை. வேலை செய்யும் ஒரு ஆள் போனதுதான் மிச்சம். அதனால் தேர்தலுக்கு முன்னால் மூன்று பேர் கொண்ட ஒரு தேடல் குழு வேண்டும். அந்த மூவரும் போட்டியிடக் கூடாது. பொதுக்கூட்டத்துக்கு ஆறு மாதம் முன்பே போன் போடத் தொடங்க வேண்டும். "செயலாளராக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் பத்துப் பேரும் மறுப்பார்கள். "மாதம் எட்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா, மினிட்ஸ் எழுதத் தெரியுமா?" என்று கேட்டால் யோசிப்பவர் கிடைப்பார்.

மூன்றாவது சுழற்சி முறை. மாநிலங்களவையில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவதைப்போல, ஒன்பது பேர் செயற்குழுவில் வருடம் மூவர் மட்டும் மாறுவார்கள். பழைய ஆறு பேருக்கு எந்தக் கோப்பு எங்கே என்று தெரியும். முறையைத் தொடங்கும்போது யார் ஒரு வருடம், யார் மூன்று வருடம் என்று சீட்டுக் குலுக்கித்தான் தீர்க்க வேண்டும். இதோடு, பதவி முடிந்தவர் சில காலம் விலகியிருந்துவிட்டுத்தான் மீண்டும் வரலாம் என்ற கட்டாய இடைவெளியையும் சேர்க்கலாமா? மும்பையில் தலைமையகமும் தமிழ்நாட்டுப் பதிவும் கொண்ட கிரிக்கெட் வாரியத்துக்கு உச்ச நீதிமன்றம் அப்படி விதித்து, 2022இல் தளர்த்தவும் செய்தது. சின்னச் சங்கத்துக்கு அது ஒத்துவராது. விலகிய பொருளாளர் 'சிறப்பு அழைப்பாளர்' என்ற பெயரில் அதே பாஸ்புக்கோடு உட்கார்ந்திருப்பார்.

பெயர்கள் மாறியதோடு வேலை முடிவதில்லை. மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் நிர்வாகிகள் மாறிய 90 நாளுக்குள் அறநிலைய ஆணையர் (சாரிட்டி கமிஷனர்) அலுவலகத்தில் மாற்ற அறிக்கை போட வேண்டும். தாமதமானால் பொறுத்தருளச் சொல்லித் தனி மனு. இந்த இடத்தில் மூன்று முறைகளும் வேறுபடுகின்றன. ஏணியில் ஆட்கள் பெரும்பாலும் உள்ளேயே நகர்வதால் புதுப் பெயர்கள் குறைவு. சுழற்சியில் வருடம் தவறாமல் ஓர் அறிக்கை. தேர்தலில் மொத்தக் குழுவும் மாறினால் விலகும் அத்தனை பேரின் ஒப்புதலும் தேவைப்படும். தோற்ற கோபத்தில் ஒருவர் எதிர்த்தால் விஷயம் வழக்காகி இழுக்கும். பழைய அறிக்கை முடியாமல் கிடந்தால் அடுத்ததும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். எந்த முறையானாலும், விலகுபவர்களின் கையெழுத்தைக் கூட்டத்தன்றே, காபியும் வடையும் வருவதற்கு முன் வாங்கிவிடுங்கள். வடைக்குப் பிறகு யாரும் அகப்பட மாட்டார்கள்.

அடுத்தது பொருளாளர். வருமான வரித் தளத்தில் பதிந்திருப்பது அவரது சொந்த மொபைல் எண். பென் டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அவர் பெயரில். அவர் மகனோடு அமெரிக்கா போய்விட்டால், புதியவர் பாஸ்வேர்டை மாற்ற நடுராத்திரியில் ஓடிபி கேட்டு வாட்ஸ்ஆப்பில் கெஞ்ச வேண்டியதுதான். டோக்கனைக் கைமாற்றவே கூடாது. புதியவர் தன் பெயரில் எடுக்க வேண்டும். எண்ணுக்கு மட்டும் சங்கத்தின் பெயரில் ஒரு சிம், அலுவலக அலமாரியில் ஒரு பட்டன் போன் போதும். ரீசார்ஜை மறந்தால் அந்த எண் வேறு யாருக்கோ போய்விடும், கவனம்.

வங்கியில் மூன்று கையெழுத்துகள், எவரேனும் இருவர் போட்டால் செல்லும் என்று தீர்மானம் போட்டு, வருடத்துக்கு ஒருவரை மட்டும் மாற்றுங்கள். கேஒய்சி எத்தனை வாரம் இழுத்தாலும் செக் நிற்காது.

ஆக, 200 பேருக்குள் இருக்கும் சங்கத்துக்கு எங்கள் தேர்வு கலப்பு முறைதான்: தலைவருக்கு ஏணி, செயற்குழுவுக்குச் சுழற்சி. ஏணியின் முதல் படியான துணைத் தலைவர் பதவிக்கு ஆள் பிடிப்பது தேடல் குழுவின் வேலை. செயலாளரும் பொருளாளரும் ஒரே வருடத்தில் மாறக் கூடாது என்பதைப் பைலாவிலேயே எழுதிவிடுங்கள். முதல் முறை சீட்டுக் குலுக்கும்போது அந்த இருவருக்கும் மட்டும் குலுக்கல் வேண்டாம்: செயலாளருக்கு இரண்டு வருடம், பொருளாளருக்கு மூன்று.