எறும்புக்கு ‘மூலிகை மருந்து’ன்னு அடிச்சாய்ங்க, செத்தது மீன்குஞ்சு

மீன்பாசி குத்தகை எடுத்து கண்மாய்ல படகு போட்டிருக்கவங்க, வீட்டுல தொட்டி கட்டி மீன் வளக்குறவங்க யாரா இருந்தாலும் பூச்சி மருந்துக்கு ஆள் கூப்பிடுறதுக்கு முன்னாடி இத ஒருதடவ படிச்சிருங்க. எங்களுக்கு 4,500 ரூபா தண்டம். அதுகூட போகட்டும், ஹாப்பா வலைக்குள்ள (குஞ்சு வளக்க தண்ணிக்குள்ள கட்டுற கூண்டு வலை) விட்டிருந்த கட்லா, ரோகு குஞ்சு முக்காவாசி போச்சு.

மேலூர் பக்கம் ஒரு கண்மாய மச்சான் குத்தகைக்கு எடுத்திருக்காரு. தொண்டியில ஒருத்தர்ட்ட பழைய ஃபைபர் படகு ஒண்ணு வாங்கி மினி லாரில ஏத்திக் கொண்டாந்தோம். கோடையில கண்மாய் வத்திக் கெடந்தப்ப கரையில புங்கமரத்தடில கவுத்திப் போட்டோம், அங்கதான் வினை. பெரியாறு கால்வாய்ல தண்ணி விட்டு கண்மாய் நெறஞ்சதும் எறக்குனா உக்கார முடியல, பூராம் சித்தெறும்பு. படகு முங்காம இருக்க பலகைக்கு அடியில ஃபோம் அடைச்சிருப்பாய்ங்கள்ல, விரிசல் விட்ட எடமா பாத்து அதுக்குள்ள போயி கூடு வச்சிருச்சு. வலைய எடுத்தா எறும்பு, சோத்துச் சட்டிய தொறந்தா எறும்பு, மச்சான் நடுக்கண்மாய்ல துடுப்ப போட்டுட்டு சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. 2022ல நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்துல மஞ்சள் எறும்பு பெருகி ஆடு மாடு கண்ணையெல்லாம் கெடுத்துச்சே, அதுவோன்னு வேற பயம். நல்லவேளை அது இல்ல. அது காலு நீளமா, தறிகெட்டு ஓடும், கடிக்காம ஆசிட்ட பீச்சும். இது சுருக்குன்னு கடிக்குது.

ஊர்ப் பெரியவர் ஒருத்தர் “ஒரு ராத்திரி தண்ணிக்குள்ள முக்கிப் போடுங்கப்பா”ன்னாரு. மரப்படகுன்னா முக்கலாம், இது ஃபோம் வச்சது, கல்ல ஏத்துனாலும் முங்க மாட்டேங்குது.

அப்புறம்தான் நான் அந்த புத்திசாலித்தனத்த பண்ணேன். ஃபோன்ல தேடி மதுரைல ஒரு கம்பெனிய கூப்ட்டேன். பேசுன தம்பி தேனா பேசுனான், “சுத்தமான மூலிகை ஜெல்லுண்ணே, மீனுக்கு ஒண்ணும் ஆகாது, ஒரு வருச வாரண்டி”ன்னான். வந்த ரெண்டு பேரு முதுகுல ஸ்பிரேயர மாட்டிக்கிட்டு வந்தாய்ங்க. ஜெல் எங்க தம்பின்னா “இது ஜெல்ல விட ஸ்ட்ராங்குண்ணே”ங்குறான். பத்தே நிமிசம், படகு பாதி தண்ணில கெடக்கும்போதே அடிச்சுட்டு, ரசீது வாட்ஸப்ல வரும்னு சொல்லி ஜிபேல காச வாங்கிட்டு போயிட்டாய்ங்க. மூலிகைல மண்ணெண்ணெ வாசம் எப்பிடி வரும்னு அப்பவே கேட்டிருக்கணும், எனக்கு புத்தி வரல.

அன்னிக்கு ராத்திரி நல்ல மழ. காலைல போயி பாத்தா வலைக்குள்ள குஞ்சு பூராம் வயித்த காட்டிக்கிட்டு மெதக்குது. மச்சான் ஒண்ணுமே பேசல, அதான் எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. கருவேல மரத்து ஓரத்துல அவய்ங்க வீசிட்டுப் போன பாட்டில் கெடந்துச்சு, சைபர்மெத்ரின், மஞ்சள் முக்கோணம் போட்டது. வெவரம் தெரியாதவங்களுக்கு, பூச்சி மருந்து பாட்டில்ல சிவப்பு முக்கோணம்னா கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. இந்த ரக மருந்து நமக்கு செய்யிறத விட மீனுக்கு பல மடங்கு செய்யும், கொஞ்சூண்டு தண்ணில கலந்தாலே போதும்.

சரி எறும்பாவது செத்துச்சான்னா, அதுவும் இல்ல. வெளிய திரிஞ்சதுதான் செத்துச்சு, ராணி ஃபோமுக்குள்ள சொகமா இருந்திருக்கு. சில ஜாதி எறும்புக்கு ஸ்பிரே அடிச்சா ஒரு கூடு பிரிஞ்சு நாலா போகுமாம், எங்களுக்கு முன்பலகைல மட்டும் இருந்தது நாலாம் நாளு பின்பலகைலயும் வந்துருச்சு. வாரண்டிய கேட்டா “அது வீட்டுக்கு மட்டும்தாண்ணே, படகுக்கு கெடையாது”ங்குறான். மறுபடி ஃபோன் அடிச்சா எடுக்கல. 1968 பூச்சிக்கொல்லி சட்டப்படி இந்த வேலை பாக்க லைசென்ஸ் வேணும், அத வாங்கிப் பாக்காம விட்டது என் தப்புதான். லைசென்ஸயும் மருந்து பாட்டிலயும் கண்ணுல காட்டச் சொல்லுங்க, லேபிள் கிழிஞ்சிருந்தா அப்பிடியே திருப்பி அனுப்பிருங்க.

கடைசில எறும்பு போனது மெடிக்கல்ல வாங்குன போரிக் பவுடர்ல. ஒரு டம்ளர் சீனிப்பாகுல அரை டீஸ்பூன், அம்புட்டுதான். கூடப் போட்டா தூக்கிட்டுப் போற எறும்பு வழிலயே செத்துரும், ராணிக்கு போய்ச் சேராது. படக தண்ணிய விட்டுத் தள்ளி இழுத்து, மரநெழல் இல்லாத வெயில்ல போட்டு, பாகுல நனைச்ச பஞ்ச மூடில வச்சோம், புள்ளைக எடுக்காத மாதிரி. ரெண்டு வாரம் ஆச்சு. விரிசல ரெசின் வச்சு அடைச்சோம், இப்ப கட்டுற கயித்துல கிரீஸ் தடவுறோம், ஏன்னா கரையிலருந்து கயித்து வழியாத்தான் புதுசா ஏறுது.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 நம்பர்ல கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன். ரசீது கேட்டாங்க, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டத்தான் அனுப்பி விட்டிருக்கேன். காலி பாட்டில மச்சான் கவர்ல சுத்தி மோட்டார் ரூம்ல மாட்டி வச்சிருக்காரு.