காபியோடு விழுங்கிய இரும்பு: நாலு வருட சத்து மாத்திரை அனுபவம்

2021 ஜூலையில் ஒரு மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கியது. தலை வாரினால் முடி கொத்தாகக் கையோடு வந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. தைராய்டுக்காகப் பல வருடமாகத் தைராக்சின் போடுகிறேன். அதோடு இரும்பு, கால்சியம், வாரம் ஒரு வைட்டமின் டி என்று பை நிறைய மருந்து சேர்ந்தது.

மறந்துவிடக் கூடாதே என்று வைட்டமின் டி தவிர எல்லாவற்றையும் காலையில் மொத்தமாகப் போட்டு, கையோடு காபியும் குடித்துவிடுவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.7. தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச் 4-இல் இருந்து 9-க்கு ஏறியிருந்தது. இந்த எண் ஏறினால் தைராக்சின் உடம்புக்குப் போதவில்லை என்று அர்த்தம். ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதே விட்டேன்.

அடுத்துப் பார்த்த டாக்டர் மருந்து எதையும் மாற்றவில்லை. "மாத்திரை எல்லாம் எப்பம்மா போடுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஒண்ணை ஒண்ணு புடிச்சு வச்சுக்குது. பிரிச்சுப் போடுங்க, மூணு மாசத்துல பார்ப்போம்" என்றார். மாதவிடாயில் ரத்தப்போக்கு எப்படி என்றும் விசாரித்து, ஸ்கேன் எடுத்து, அதற்குத் தனியாக வைத்தியம் தொடங்கினார். ரத்தம் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருந்தால் இரும்பு எவ்வளவு போட்டாலும் நிற்காது. இரும்பு மாத்திரை எழுதும் யாரும் இதைக் கேட்காமல் விடக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அவர் சொன்னபடி தைராக்சின் மட்டும் விடியற்காலை ஐந்தரைக்கு, வெறும் தண்ணீரோடு. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்பும் கால்சியமும் தைராக்சினை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும் என்பதால் நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் இரும்பையும் தடுக்கும். ஆகவே அது இரவுச் சாப்பாட்டுக்குப் போனது. எனக்குத் தந்தது கால்சியம் கார்பனேட். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு போட்டால்தான் பலன். சிட்ரேட் வகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

இரும்புக்கு வெறும் வயிறு நல்லது. எட்டரைக்கு டிபன், ஒன்றே காலுக்குச் சாப்பாடு என்றால் இடையில் பதினொரு மணி பொருத்தமாக இருந்தது. ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறோடு போட்டேன், வைட்டமின் சி இரும்பை உள்ளே ஏற்றிவிடும் என்பதால். ஆனால் அலுவலகத்தில் டீ வருவதும் சரியாகப் பதினொரு மணிக்குத்தான். டீ, காபியில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை வெளியே தள்ளிவிடும். 1983-இல் வந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு குடித்த காபி அந்தச் சாப்பாட்டில் இருந்து இரும்பு சேர்வதை 39 சதவீதமும், டீ 64 சதவீதமும் குறைத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபியால் பாதிப்பில்லை. ஒரு மணி நேரம் பின்னால் குடித்தால் கூடவே குடித்த அளவுக்குக் கெடுத்தது. அது சாப்பாட்டு இரும்பு பற்றியதுதான், மாத்திரை பற்றி அல்ல. இருந்தாலும் அதைப் படித்த பிறகு மாத்திரை போட்ட நாளில் பதினொரு மணி டீயைத் தொடவே இல்லை.

முதல் வாரம் மலம் கறுத்துப் போனதும் பயந்துவிட்டேன். இரும்பு போட்டால் அப்படித்தான் இருக்கும். மலச்சிக்கலும் குமட்டலும்தான் உண்மையான தொல்லை. தாங்க முடியவில்லை என்றதும் டாக்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னார். ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி இரும்பு வரும் வழியை அடைக்கிறது. அது இறங்க ஒரு நாளாவது ஆகும், அதனால் மறுநாள் போடும் மாத்திரை குறைவாகத்தான் சேரும். 2017-இல் ஸ்விட்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களிடம் நடத்திய ஆய்விலும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது மொத்தத்தில் கூடுதல் இரும்பு சேர்ந்தது. எனக்கு வயிறு அடங்கியது, டீயும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் திரும்பக் கிடைத்தது.

மூன்று மாதத்தில் 11.1. ஆறாவது மாதம் 12.3. தைராக்சின் அளவைக் கூட்டாமலேயே டி.எஸ்.ஹெச் 3-க்கு இறங்கியது. 12 தொட்டதும் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். டாக்டர் விடவில்லை. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்றார், போட்டேன். நிறுத்தும்போது ஃபெரிட்டின் 44.

நடுவில் நானாகச் செய்த தவறு ஒன்று. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட்டேன். அடுத்த தைராய்டு ரிப்போர்ட் தலைகீழாக வந்தது, டி.எஸ்.ஹெச் அடிமட்டத்தில். நிறைய பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனை முறைகள் தவறான எண் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2017-லேயே இதை எச்சரித்திருக்கிறது. சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்ததும் சரியாக இருந்தது. அந்த எண்ணை நம்பித் தைராக்சினைக் குறைத்திருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

வைட்டமின் டி பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அது கொழுப்பில் கரைவது, எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் நன்றாகச் சேரும். நம் ஊரில் 60,000 யூனிட் பாக்கெட்டாகவோ கேப்ஸ்யூலாகவோ தருவார்கள். பெரும்பாலும் எட்டு வாரம் வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று. என் மாமியாருக்கு 2023-இல் அதை எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடைக் கவரில் எப்போது சாப்பிடுவது என்று ஒன்றுமே எழுதவில்லை. அத்தை தினமும் ஒரு பாக்கெட் பாலில் கலந்து குடித்திருக்கிறார். தீர்ந்ததும் மறுபடி வாங்கியிருக்கிறார். ஐந்தாவது வாரம் வாந்தி, தீராத தாகம், பேச்சில் தடுமாற்றம். ரத்தத்தில் கால்சியம் ஏறிப் போயிருந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். இது போகாது, உடம்பிலேயே தங்கும். நான் பக்கத்திலேயே இருந்தும் கவனிக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் எல்லா மருந்துப் பட்டைகளையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் நாளும் நேரமும் எழுதி ஒட்டினேன். என் வைட்டமின் டி இப்போது மாதம் ஒன்றுதான், முதல் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியை அத்தைதான் வட்டம் போட்டு வைக்கிறார். அன்றைக்கு நான் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும், "இரு, இன்னிக்குத்தானா?" என்று காலண்டரைப் பார்த்த பிறகே பிரிக்க விடுவார்.