ஏ.ஆர்.பி. ஏர் லாக்கர் ரிவ்யூ: டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கும் வண்டிக்கும் இது தேவையா?

பாறைப் படிகள், குறுக்குக் குழிகள், மழையில் அரித்துப்போன ஏற்றங்கள் வழக்கமாக வரும் தடத்தில் ஓட்டுபவர் என்றால், டிராக்‌ஷன் கண்ட்ரோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பின் ஆக்ஸிலில் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஏர் லாக்கர் ஒன்றைப் போடுங்கள். இரண்டு பக்கச் சக்கரங்களையும் காற்றழுத்தத்தால் ஒன்றாகப் பூட்டும் கருவி அது. மணலில் மட்டும் ஓட்டுபவருக்கு அவசியம் இல்லை. அங்கே டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குவதுதான் முதல் மருந்து. முன்னும் பின்னும் ஒரே சமயத்தில் போட நினைப்பவர்கள் முதலில் பின்னால் மட்டும் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். பலருக்கு இரண்டாவது தேவைப்படாது.

ஆக்ஸிலின் நடுவே இருக்கும் கியர் தொகுதியான சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் ஏறக்குறைய சமமான டார்க்கைத்தான் (சுழற்றும் விசை) தரும். சிக்கல் அங்கேதான். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற டார்க் தேவையில்லை, ஆகவே தரையில் ஊன்றிய சக்கரத்துக்கும் எதுவும் வராது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் இதை ஏ.பி.எஸ். சென்சார்கள் வழியே கண்டுபிடித்து, வீணாகச் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கிறது. அந்த பிரேக் 600 நியூட்டன் மீட்டர் எதிர்ப்புக் கொடுத்தால் மறுபக்கச் சக்கரத்துக்கும் 600 கிடைக்கும். அதற்கு ஆக்ஸிலுக்குள் வர வேண்டியது 1,200. பாதி, பிரேக்கில் சூடாகிப் போய்விடுகிறது. லாக்கர் போட்ட ஆக்ஸிலுக்கு அதே வேலையைச் செய்ய 600 போதும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் நேரம். டிராக்‌ஷன் கண்ட்ரோல் சக்கரம் வழுக்கிய பிறகுதான் விழித்துக்கொள்ளும். ஈரப் பாறையில் அந்த அரைச் சுற்று வழுக்கலே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளப் போதும். லாக்கரில் சக்கரம் வழுக்கும் முன்பே இரண்டும் ஒன்றாகச் சுற்றுவதால், நடக்கும் வேகத்துக்கும் கீழே, அதிக ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் படி ஏற முடிகிறது. டயர், ஆக்ஸில் ஷாஃப்ட், தடம் மூன்றுக்கும் நல்லது.

டிராக்‌ஷன் கண்ட்ரோலைக் குறை சொல்பவர்களில் பலர் அதைச் சரியாக ஓட்டுவதில்லை. 4-லோவில் (நான்கு சக்கரமும் இயங்கும் குறைவேக நிலை) முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்திருக்க வேண்டும். ஏ.பி.எஸ். பம்ப் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்தால், பிரேக் விடுபட்டு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். சத்தம் கேட்டால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம், காலை அசைக்காமல் இரண்டு மூன்று விநாடி பொறுக்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் தொடர்ந்து வேலை வாங்கினால் பிரேக் சூட்டைக் கணக்கிட்டு சிஸ்டம் தானாகவே விலகிக்கொள்ளும். அப்போது வண்டியை நிறுத்தி ஆறவிடுவதைத் தவிர வழியில்லை. மணலில் தொல்லை தருவது இன்ஜின் பவரைக் குறைக்கும் பகுதி. பல வண்டிகளில் ஈ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) ஆஃப் பட்டன் அந்தப் பகுதியை மட்டும் அணைத்து, பிரேக் பிடிக்கும் பகுதியை விட்டுவைக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் இதை அவசியம் பாருங்கள். சுஸுகி ஜிம்னிக்கு கம்பெனியே பொருத்தித் தரும் லாக்கர் கிடையாது, பிரேக்கை நம்பியே அது அத்தனை தூரம் போகிறது.

இனி பொருளுக்கு வருவோம். ஏர் லாக்கரில் டிஃபரென்ஷியல் கேஸ் முழுவதும் மாறுகிறது. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று ஒரு பிஸ்டனைத் தள்ள, அது பல் வளையம் ஒன்றை நகர்த்தி சைடு கியரை கேஸோடு பூட்டுகிறது. ஒரு பக்கம் பூட்டினாலே உள்ளே இருக்கும் சின்ன கியர்கள் சுழல முடியாமல் இரண்டு ஷாஃப்ட்டும் ஒன்றாகிவிடும். காற்றை விட்டால் ஸ்பிரிங் வளையத்தைத் திரும்பத் தள்ளும், டிஃபரென்ஷியல் பழையபடி சாதாரணமாகிவிடும். மோட்டார் வைத்து ஃபோர்க்கை நகர்த்தும் சில கம்பெனி லாக்கர்களைவிட இது வேகமாகப் பூட்டுகிறது. சாலையில் இருப்பதே தெரியாது, சத்தம் இல்லை, ஸ்டியரிங்கில் இழுப்பு இல்லை. இந்த ஒரு குணத்துக்காகவே இதற்கு முழு மதிப்பெண்.

இன்னொரு நன்மை பலர் கவனிப்பதில்லை. டொயோட்டா ஹைலக்ஸின் சில மாடல்களில் கம்பெனி பின் லாக்கரைப் போட்டதும் முன் சக்கரங்களின் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் சேர்ந்து அணைந்துவிடும். தனியாக வாங்கிப் பொருத்தும் லாக்கர் வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவதில்லை. பின்னால் லாக்கர், முன்னால் பிரேக் என்று இரண்டும் ஒன்றாக வேலை செய்யும். எங்கள் கணக்கில் இதுதான் மிகச் சிறந்த கூட்டணி.

குறைகள் பெரும்பாலும் பொருத்துவதில் வருகின்றன. வாங்கும்போது ஆக்ஸில் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் (முனையில் உள்ள பல்வரி) எண்ணிக்கையும், சில ஆக்ஸில்களில் டிஃபரென்ஷியலைச் சுழற்றும் கிரவுன்-பினியன் கியர்களின் விகிதமும் பொருந்த வேண்டும், வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. கழற்றும் முன்பே பழைய பேக்லாஷை (அந்தக் கியர் பற்களுக்கு இடையிலான ஆட்டம்) டயல் கேஜ் வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பேரிங் கேப்களில் இடம், வலம் குறியிட வேண்டும், மாறினால் பேரிங் சரியாக உட்காராது. பேக்லாஷ் பல ஆக்ஸில்களில் 0.15 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும், சரியான அளவு அந்தந்த ஆக்ஸிலின் கையேட்டில் உண்டு. இந்த அளவைச் சரிசெய்யும் ஷிம் தகடுகளில் அவசரப்பட்டால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஊளைச் சத்தம் வரும், பிறகு கிரவுனே தேய்ந்து போகும். காற்றுக் குழாய்க்காக ஹவுசிங்கில் துளை போடும்போது விழும் இரும்புத்தூள் ஒரு துணுக்குகூட உள்ளே தங்கக் கூடாது.

உள்ளே காற்றுக் குழாய் சேரும் சீல் ஹவுசிங்கின் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள்தான் இந்த லாக்கரின் பலவீனமான இடம். அவை கிழிந்தால் கியர் ஆயில் குழாய் வழியே மேலேறி, லாக்கரை அணைக்கும் ஒவ்வொரு முறையும், காற்றைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்விலிருந்து பீய்ச்சும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே அறிகுறிதான், எனவே முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். கசிவு இருக்கிறதா என்று தெரிய லாக்கரைப் போட்டுவிட்டு, காற்றை வேறெதற்கும் எடுக்காமல் காத்திருங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் கம்ப்ரஸர் மறுபடி ஓடினால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வெளியே குமிழியே இல்லையென்றால் கசிவு ஹவுசிங்குக்குள்.

குழாய் செல்லும் வழியும் முக்கியம். சைலன்ஸர் பக்கம் போனால் உருகும். ஆக்ஸில் முழுவதும் தொங்கும்போது எட்டாத அளவுக்குக் குட்டையாக இருந்தால் அறுந்துவிடும். பிரேக் ஹோஸ் போகும் பாதையிலேயே கொண்டுபோய், போதிய தொய்வு விட்டுக் கட்டுவதுதான் சரி.

பொருத்தி முடித்ததும் சோதிக்க, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலை ஸ்டாண்டில் தூக்கி, கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். லாக்கர் அணைந்திருக்கும்போது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். லாக்கரைப் போட்டால் இரண்டும் சிறிய ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும்.

ஓட்டும்போது: குழியில் இறங்கும் முன்பே பூட்டுங்கள். சக்கரம் வேகமாகச் சுழலும்போது பூட்டினால் பற்களில் அடி விழும். அணைத்த பிறகும் பூட்டு விடுபடவில்லை என்றால் ஷாஃப்ட்டில் முறுக்கு ஏறியிருக்கிறது, ஸ்டியரிங்கை இருபுறமும் லேசாகத் திருப்பியோ கொஞ்சம் பின்னால் எடுத்தோ பாருங்கள். பக்கவாட்டுச் சரிவில் பின் லாக்கர் ஆபத்தானது. இரண்டு சக்கரமும் ஒரே சமயத்தில் பிடிப்பை இழந்தால் பின்பகுதி சரிவில் இறங்கிவிடும். முன் லாக்கர் போட்டால் ஸ்டியரிங் இறுகி, வண்டி நேராகவே போகப் பார்க்கும். முழுத் திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன் சக்கரத்தைத் திருப்பியபடியே சுழற்றும் சி.வி. ஜாயிண்ட் உடைந்து போகும். ஏ.ஆர்.பி. வயரிங் பின் லாக்கர் போட்ட பிறகே முன் லாக்கருக்கு மின்சாரம் தருவது நல்ல ஏற்பாடு.

காற்று வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஈட்டனின் தானியங்கி லாக்கர் உண்டு. இரு சக்கர வேக வித்தியாசம் சுமார் 100 ஆர்.பி.எம். தாண்டினால் அதுவே பூட்டிக்கொள்ளும். பராமரிப்பு குறைவு. ஆனால் பூட்டும் நேரம் ஓட்டுநர் கையில் இல்லை, பூட்டுவதும் ஒரு குலுக்கலோடுதான்.

வண்டியில் இரண்டு மீட்டர் காற்றுக் குழாய், இரண்டு இணைப்பான்கள், ஒரு கூர்மையான பிளேடு வைத்திருங்கள். குழாய் அறுந்தால் சேதமான முனையை நேராக வெட்டிவிட்டு இணைப்பானில் செருகினால் வேலை முடிந்தது. எதுவும் கையில் இல்லையென்றாலும் காற்று போனதும் ஸ்பிரிங் பூட்டைத் திறந்துவிடும், வண்டி சாதாரண டிஃபரென்ஷியலோடு வீடு வந்து சேரும்.