கேடயம் செய்ய ஒரு நல்ல கடை: பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்

எங்கள் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்த அண்ணன் விலகுகிறார். பாராட்டு விழாவுக்குக் கேடயம் செய்து வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. சிங்கப்பூர் தேசிய நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில், புத்தகக் கடைகளுக்கு நடுவே சின்னக் கடை. ஒரு சீன ஆண்ட்டிதான் எல்லாம்.

செயற்குழு எழுதித் தந்த வாசகம் ஒரு முழுப் பக்கம். அண்ணன் 1986இல் தொலைத்தொடர்பு ஆணையத்தில் தொழில்நுட்பராகச் சேர்ந்தது, 1992இல் சிங்டெல் தனி நிறுவனமானபோது அங்கே போனது, பேஜர் பிரிவு, அப்புறம் வெளிநாட்டு வர்த்தகம், துணைத் தலைவர் பதவி, கடைசியில் பொதுச் சேவைப் பதக்கம். ஆண்ட்டி தாளைப் பார்த்துவிட்டு, “ஐயோ, இது கேடயமா, வேலைக்கு மனுவா லா?” என்றார்.

நியாயமான கேள்வி. கையகலக் கண்ணாடியில் எவ்வளவுதான் எழுதுவது? பதவிகளை எல்லாம் வாசகத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். நிறுவனம் கொடுத்த கேடயங்கள் அவர் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. 2017 ஏப்ரலில் 2ஜி சேவை நின்றபோது, பழைய பொத்தான் போன் வைத்திருந்த தாத்தா பாட்டிகளுக்குப் புதுப் போன் பழக்கிவிட அடுக்குமாடி வீடுகளில் புளோக் புளோக்காக ஏறி இறங்கினாரே, அதை யார் எழுதுவார்கள்? செயலாளருக்கு மனசே இல்லை. ஆனாலும் அந்த ஒரு வரி, பெயருக்குப் பின்னால் பிபிஎம் (பொதுச் சேவைப் பதக்கத்தின் சுருக்கம்), குழுவில் இருந்த ஆண்டுகள், அவ்வளவுதான் கேடயத்தில் ஏறியது.

தமிழ் பொறிப்பதுதான் பல கடைகளில் தலைவலி. வாட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்தை அப்படியே அவர்கள் மென்பொருளில் ஒட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி காணாமல் போகும். இந்த ஆண்ட்டி எழுத்துகளைப் படமாக மாற்றிய பிடிஎஃப் கேட்டு வாங்கினார். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாதவர், மாதிரியை என் அச்சுப் பிரதியோடு வைத்து ஒப்பிட்டு, ‘ர்’ மேல் புள்ளி விழாததை அவரே கண்டுபிடித்தார்.

குறை என்றால் பெட்டிதான். 68 வெள்ளிக் கேடயத்துக்கு அட்டைப் பெட்டி, உள்ளே மெல்லிய பஞ்சு. வெல்வெட் பெட்டி வேண்டுமென்றால் தனிக் காசு. கார்டு வாங்க மாட்டார், பேநவ் (கைபேசி வழி வங்கிப் பணப் பரிமாற்றம்) அல்லது ரொக்கம். ஞாயிறு விடுமுறை. பொன்னாடைக்கும் மாலைக்கும் எப்படியும் லிட்டில் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும். வார இறுதியில் விழா என்றால் மாலையை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.