அஞ்சலா, கூரியரா, தூத்துக்குடி கப்பலா? மதுரைக்கு ஒரு பார்சல் வந்து சேரும் வழிகள்

ஜப்பானிலிருந்து ஒரு பழைய கேமரா லென்ஸ், சீனாவிலிருந்து ஐந்து டைகாஸ்ட் (உலோக வார்ப்பு மாடல்) கார்கள், ஸ்பெயினிலிருந்து ஒரு டஜன் பெயின்ட் பாட்டில். இப்படி எதையாவது மதுரைக்கு வரவழைக்க நினைப்பவர் முதலில் பார்ப்பது அனுப்பும் கட்டணத்தை. அதைக் கடைசியில் பார்த்தால் போதும். பொருள் என்ன, எத்தனை உருப்படி, அதற்குச் சுங்கத்தில் என்ன காகிதம் கேட்பார்கள் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், நான்கு வழிகளில் இரண்டு தானாகவே கழிந்துவிடும்.

அந்த நான்கு: அஞ்சல், எக்ஸ்பிரஸ் கூரியர், தூத்துக்குடி வழியாகக் கப்பல் சரக்கு, ஊருக்கு வருகிற சொந்தக்காரரின் பெட்டி.

அஞ்சல்

ஒற்றை உருப்படி சேகரிப்பாளருக்கு இன்றைக்கும் மலிவான வழி இதுதான். ‘ஸ்மால் பாக்கெட்’ என்ற வகையில் 2 கிலோ வரை அனுப்பலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எந்த ஒரு பக்கமும் 60ஐத் தாண்டக் கூடாது. 38 x 24 x 8 அளவுள்ள கார் மாடல் கிட் பெட்டி கூட்டினால் 70, தாராளமாகப் போகும். 60 x 20 x 12 அளவுள்ள கப்பல் மாடல் பெட்டி கூட்டினால் 92. இரண்டு சென்டிமீட்டரில் அது ஏர் பார்சல் அல்லது இ.எம்.எஸ். (சர்வதேச விரைவு அஞ்சல்) கட்டணத்துக்குத் தாவிவிடும். விற்பவரிடம் பெட்டி அளவைக் கேட்காமல் பணம் கட்டினால் இந்த இடத்தில்தான் அடி விழும்.

விற்பவர் தரும் 13 எழுத்து டிராக்கிங் எண்ணைப் பாருங்கள். முதல் எழுத்து ஆர் என்றால் பதிவு அஞ்சல், இ என்றால் இ.எம்.எஸ்., சி என்றால் பார்சல், எல் என்றால் டிராக் செய்யக்கூடிய இ-காமர்ஸ் பாக்கெட். யு என்று தொடங்கினால் வழியில் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் யு-வில் வாங்காதீர்கள்.

மேலே ஒட்டியிருக்கும் சுங்கச் சீட்டுதான் இந்த வழியின் உயிர். 300 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) மதிப்பு வரை சி.என். 22 என்ற சிறு சீட்டு, அதற்கு மேல் சி.என். 23 என்ற முழுப் படிவம். அஞ்சலில் உங்கள் சார்பாகப் பேச ஏஜென்ட் கிடையாது. வெளிநாட்டு அஞ்சல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரிவதெல்லாம் அந்தச் சீட்டில் உள்ள இரண்டு வரிதான்.

ஒரு சீட்டில் இப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள்: “டாய் கார், கிஃப்ட், 10 டாலர்.” மூன்று சொல்லில் மூன்று தப்பு. ‘டாய்’ என்ற சொல் 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணையை இழுத்துவரும், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை எங்கே என்று கேட்பார்கள். ‘கிஃப்ட்’ என்பது 2019 டிசம்பருக்கு முன் செல்லுபடியான மந்திரம். அதற்குப் பிறகு வரியில்லாமல் அன்பளிப்பாக வரலாம் என்ற சலுகை ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான். மற்றவை முழு வரி கட்டியே வரவேண்டும். பத்து டாலர் என்பதோ, இணையத்தில் அதே பொருள் அறுபது டாலருக்கு விற்பதைப் பார்க்க அதிகாரிக்கு அரை நிமிடம் போதும். மதிப்பீட்டு விதி 12இன்படி அறிவித்த விலையைத் தள்ளுபடி செய்யலாம். தப்பாக அறிவித்தது என்று சுங்கச் சட்டம் 111(எம்) பிரிவில் பறிமுதலுக்கும் வழி இருக்கிறது.

அதே பொருளுக்கு இப்படிக் கேட்டு எழுத வையுங்கள்: “1:24 அளவு பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் கிட், பொருத்தப்படாதது, 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு, 1 எண்ணம், 4,200 யென், எச்.எஸ். 950300, ஜப்பான் தயாரிப்பு, விற்பனைப் பொருள்.” எச்.எஸ். என்பது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண். பொம்மை ஆணை 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் விளையாடுவதற்கான பொருளைப் பற்றியது. ஆகவே பெட்டியில் அச்சிட்ட 14+ என்ற குறி உங்கள் பக்கம் பேசும் ஒரு பிடி. உத்தரவாதம் என்று சொல்லமாட்டேன், பிடி மட்டுமே.

சுங்கத்தில் நிறுத்தினால் விலைப்பட்டியல், பணம் கட்டிய சான்று, அடையாள அட்டை கேட்டுக் கடிதம் வரும். விற்பனைப் பக்கத்தின் படமும் வங்கிக் கணக்கில் பணம் பிடித்த பதிவும் ஒரே தொகையைக் காட்ட வேண்டும். கூப்பன் கழித்த விலை ஒன்று, பக்கத்தில் உள்ள விலை ஒன்று என்றால் அதிகாரி பெரியதைத்தான் எடுப்பார். கழிவு எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். எல்லாம் சரி என்றால் தபால்காரர் பெட்டியோடு வரித் தொகையையும் சொல்லி வாசலில் வசூலிப்பார்.

கூரியர்

கூரியர் பத்து நாள் வேலையை நான்கு நாளில் முடிக்கும். முடிந்த பிறகு வரும் பில்லைப் பார்த்துத்தான் பலர் அஞ்சலுக்குத் திரும்புகிறார்கள்.

முதல் அதிர்ச்சி கன அளவு எடை. நீளம் x அகலம் x உயரத்தை 5,000 ஆல் வகுப்பார்கள். 60 x 40 x 30 பெட்டிக்கு 72,000 ÷ 5,000 = 14.4 கிலோ. உள்ளே இருப்பது 4 கிலோ பிளாஸ்டிக் கிட் என்றாலும் கட்டணம் பதினான்கரை கிலோவுக்கு. மாடல் கிட், பொம்மை பெட்டி, லாம்ப் ஷேட் போன்ற காற்றடைத்த பொருளுக்குக் கூரியர் சரிப்படாது. லென்ஸ், கைக்கடிகார மெஷின், வால்வு, மோட்டார் போன்ற சிறிய, கனமான, விலை கூடிய பொருளுக்குத்தான் அது பொருந்தும்.

இரண்டாவது வரிக் கணக்கு. அடிப்படை வரி 20, ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிப் பொருள் மீதான ஜி.எஸ்.டி.) 18 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 38 சதவீதம் என்று கூட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. 10,000 ரூபாய் மதிப்புக்கு அடிப்படை வரி 2,000. அந்த 2,000 மேல் பத்து சதவீதம் சமூக நலச் சர்சார்ஜ் 200. ஆக 12,200 ரூபாய் மேல் 18 சதவீதம், 2,196. மொத்தம் 4,396. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். அடுக்கும் முறை மாறாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வரி, பொருள் விலையோடு போக்குவரத்தும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த தொகைக்குத்தான். ஆனால் விமானத்தில் வரும் சரக்குக்குப் போக்குவரத்தைப் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2007 மதிப்பீட்டு விதிகளின் 10ஆவது விதி சொல்கிறது. இன்ஷூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம். 100 டாலர் லென்ஸுக்கு 45 டாலர் கூரியர் கட்டியிருந்தால், வரி கணக்கிடும் தொகை 146 டாலர் சொச்சம் அல்ல, 121 டாலர் சொச்சம். ஆவணத்தில் அதிகம் போட்டிருந்தால் கூரியரின் கிளியரன்ஸ் டெஸ்குக்கு உடனே மின்னஞ்சல் எழுதுங்கள். வரி கட்டிய பிறகு திருத்தம் கேட்பது வேறு கதை.

கூரியரின் உண்மையான பலம் இதுதான்: எதிர்முனையில் பேச ஓர் ஆள் இருக்கிறார். எந்த எச்.எஸ். எண்ணில் போடுவது என்று கேட்பார், நீங்கள் படமும் விவரக் குறிப்பும் அனுப்பலாம். அதற்கான விலை, உங்களுக்காக வரியை முன்கட்டியதற்கு ஒரு கட்டணம், அதற்கும் ஜி.எஸ்.டி. ஆதார் அல்லது பாஸ்போர்ட் வைத்து கே.ஒய்.சி.யை பெட்டி கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். ஆதாரில் ஒரு முகவரியும் டெலிவரிக்கு இன்னொன்றும் என்றால் அதற்கே இரண்டு நாள் போய்விடும்.

எந்த வழியிலும் முரண்டு பிடிக்கும் சரக்கு

பேட்டரி. தனியாக வரும் லித்தியம் பேட்டரி சர்வதேச அஞ்சலில் கிடையாது. கருவிக்குள் பொருத்தியிருந்தால், செல் ஒன்று 20 வாட்-மணி, பேட்டரி ஒன்று 100 வாட்-மணி வரம்புக்குள், நான்கு செல் அல்லது இரண்டு பேட்டரி வரை, அனுப்பும் நாடு ஒப்புக்கொண்டால் வரும். “உதிரி பேட்டரி ஒன்று இலவசம்” என்று விற்பவர் பாசமாகப் போட்டால் முழுப் பெட்டியும் அங்கேயே நின்றுவிடும். வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். செல் இங்கேயே கிடைக்கும்.

பெயின்ட். ஜப்பானின் டாமியா அக்ரிலிக் என்றால் தண்ணீர் பெயின்ட் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அதில் ஆல்கஹால் உண்டு. எனாமல், லாக்கர், தின்னர் எல்லாமே தீப்பிடிக்கும் திரவக் கணக்கில் அஞ்சலில் மறுக்கப்படும். ஸ்ப்ரே டப்பா பேச்சுக்கே இடமில்லை. ஸ்பெயினின் வல்லேஹோ போன்ற உண்மையான தண்ணீர் அக்ரிலிக்கை மட்டும் வரவழைக்கலாம், அதையும் பாதுகாப்புத் தரவுத் தாளோடு. மற்றதை இந்திய விற்பனையாளரிடம் வாங்குவதே லாபம், பாட்டிலுக்கு நூறு ரூபாய் கூட என்றாலும்.

ட்ரோன். 2022 பிப்ரவரி 9 அறிவிப்பின்படி முழு ட்ரோனும், பிரித்துக் கட்டிய நிலையில் வருவதும் தடை. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. பலர் சிக்குவது இந்த இரண்டுக்கும் நடுவில். ஃபிரேம், நான்கு மோட்டார், ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), ஃபிளைட் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே பெட்டியில் வாங்கினால் அது பார்ப்பதற்குப் பிரித்துக் கட்டிய ட்ரோன்தான். மோட்டாரை ஒரு ஆர்டர், எலெக்ட்ரானிக்ஸை ஒரு ஆர்டர் என்று வாங்குங்கள். ஃபிரேமை இங்கேயே வெட்டிக்கொள்ளலாம். ரேடியோ லிங்க் வாங்கும்போது 915 மெகாஹெர்ட்ஸை விடுங்கள், அது இந்தியாவில் உரிமம் இல்லாமல் இயங்கும் அலைவரிசை கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் எடுங்கள்.

பழைய பொருள். சொந்த உபயோகத்துக்கு ஒரு பழைய கேமரா வருவது வேறு, விற்பதற்கு இருபது வருவது வேறு. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் 2.31 பத்தியில் இயந்திரமல்லாத செகண்ட் ஹேண்ட் பொருள்கள் ‘கட்டுப்படுத்தப்பட்டவை’. அனுமதிச் சீட்டு வேண்டும். டவுன் ஹால் ரோட்டில் கடை வைத்திருப்பவர் ஜப்பான் ஏலத்தில் மொத்தமாகக் கேமரா எடுத்தால், வரியைவிட இந்த அனுமதிதான் முதல் தடை.

விதை, கிழங்கு, செடி. ஏற்றுமதி நாட்டின் பைட்டோசானிட்டரி (செடி நோய், பூச்சி இல்லை என்ற) சான்றும் இந்திய இறக்குமதி அனுமதியும் இல்லாமல் வராது. கவரில் பத்து விதை அனுப்பினாலும் விதி அதேதான், அழித்துவிடுவார்கள்.

ஸ்டாம்பும் புத்தகமும் இந்தப் பட்டியலில் தொல்லை இல்லாத ஜாதி. பதிவு அஞ்சல் போதும்.

தூத்துக்குடி வழி

சேகரிப்பு வியாபாரமாக மாறும் இடத்தில் அஞ்சல் கைகொடுக்காது. காரணம் கட்டணம் அல்ல, ஐ.ஜி.எஸ்.டி. உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணும் ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதி) எண்ணும் பதிந்த பில் ஆஃப் என்ட்ரி (சுங்க இறக்குமதி அறிவிப்பு) இருந்தால்தான் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுப்பது எளிது. தபால்காரர் தரும் ரசீதை வைத்து ஆடிட்டரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஐ.இ.சி. எடுக்க 500 ரூபாய். எண் உங்கள் பான் எண்ணேதான். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்த விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் முடக்கிவிடுவார்கள், சரக்கு நடுக்கடலில் இருக்கும்போது இது தெரியவந்தால் வயிறு கலங்கும். வங்கியில் ஏ.டி. கோடு (அந்நியச் செலாவணி கையாளும் கிளையின் எண்), சுங்க ஏஜென்ட், விலைப்பட்டியல், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) இவ்வளவும் கைவசம் வேண்டும்.

பகிர்வு கன்டெய்னரில் குறைந்தபட்சக் கணக்கு ஒரு கன மீட்டர். மேலே சொன்ன 60 x 40 x 30 பெட்டி 0.072 கன மீட்டர். அப்படிப் பதின்மூன்று பெட்டி சேர்ந்தால்தான் ஒரு கன மீட்டருக்குக் கிட்டே வரும். அதற்குக் கீழே கப்பல் வாடகை மலிவாகத் தெரிந்தாலும், டெலிவரி ஆர்டர், சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்குக் கிடங்கு) கையாளல், ஏஜென்ட் கூலி, அங்கிருந்து மதுரைக்குப் பார்சல் சர்வீஸ் என்று துறைமுகச் செலவு சரக்கு விலையைத் தின்றுவிடும்.

டைகாஸ்ட் கார், மாடல் கிட்டை மொத்தமாக இறக்க நினைப்பவருக்கு இன்னொன்று: ஸ்கேல் மாடலும் பொம்மைகளுக்கான 9503 என்ற எச்.எஸ். தலைப்பில்தான் வருகிறது. அந்தத் தலைப்பின் அடிப்படை வரி 2020இல் 20லிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. வந்த சரக்கை 30 நாளில் எடுக்காவிட்டால் விற்றுவிடச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே காகிதம் முழுதாகக் கையில் வராமல் ஏற்றச் சொல்லாதீர்கள்.

சொந்தக்காரர் பெட்டி

சிங்கப்பூர், துபாயிலிருந்து வருகிற மச்சான் ஒரு லென்ஸையோ இரண்டு கிட்டையோ கொண்டுவந்தால் பேக்கேஜ் வரம்புக்குள் அடங்கும். 2016 விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது. பயண நாளில் என்ன வரம்பு என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ரசீதைப் பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரே மாடல் பத்து இருந்தால் அது பேக்கேஜ் ஆகாது. குருவி (கூலிக்குப் பொருள் சுமந்து வரும் பயணி) வைத்துக் கடத்துவது மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள், பிடிபட்டால் பொருளும் போகும், குருவியின் பெயரில் வழக்கும் நிற்கும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பணம் கட்டாமல் மாற்றிக்கொள்ளும் நாணயச் சேகரிப்பாளர்களுக்கு அங்கேயும் இங்கேயும் ஒரு தடை. சர்வதேசத் தபாலில் நாணயம், கரன்சி, வெள்ளி, தங்கம் எதையும் காப்பீடில்லாத உறையில் வைக்கக் கூடாது. அனுப்பும் நாட்டிலேயே திரும்பிவிடும். இங்கிருந்து அங்கே அனுப்புவது இன்னும் கடினம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள். தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. வைகை மணலில் கிடைத்த நாயக்கர் செப்புக் காசை ஜெர்மனி நண்பருக்கு அனுப்பி, பதிலுக்கு வெள்ளி மார்க் வாங்கலாம் என்ற யோசனை இருந்தால், காசு இங்கேயே இருக்கட்டும். மாற்றுக்கு 1950க்குப் பிந்தைய குடியரசு நாணயங்களைக் காப்பீட்டு அஞ்சலில் அனுப்ப அந்த நாட்டுக்குச் சேவை உண்டா என்று ஸ்காட் ரோடு தலைமை அஞ்சலகக் கவுன்ட்டரில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.