எல்டிசி (கைத்துப்பாக்கி லைசென்ஸ்) வகுப்பு, சான் அன்டோனியோ: ராணுவத்தில் இருந்தவர்கள் நம்பிப் போகலாம்

டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அப்புறம் எதற்கு காசு கட்டி வகுப்பில் உட்கார வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். அடிக்கடி வெளிமாநிலம் போகிறவர்களுக்கு லைசென்ஸ் அட்டை கையில் இருப்பது நல்லது, நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால் இதை எழுத வைத்தது வேறு விஷயம். ராணுவத்திலிருந்து எந்த வகையில் வெளியே வந்தோம் என்பது லைசென்ஸை எப்படிப் பாதிக்கும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்த இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என்னுடன் வந்த நண்பரும் நானும் மாவ்னி திட்டத்தில் (மொழி போன்ற திறமைகளுக்காக வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட திட்டம்) அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர்கள். (அந்தத் திட்டம் ஏற்றுக்கொண்ட மொழிகளில் தமிழும் உண்டு, அதனால் நம் ஆட்கள் சிலர் அதில் வந்தார்கள்.) எனக்கு ஹானரபிள் டிஸ்சார்ஜ் (நல்ல பெயரோடு ராணுவத்திலிருந்து விடுவிப்பு), அவருக்கு அதற்கு ஒரு படி கீழான ஜெனரல் டிஸ்சார்ஜ். இங்கே உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில், ஹானரபிள் இல்லையென்றால் லைசென்ஸ் கிடையாது, விண்ணப்பித்தால் வம்பில் மாட்டிக்கொள்வீர்கள் என்று அவரைப் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். அதை நம்பி மனிதர் வருஷக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. விவரம் தெரியாமல் இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

வகுப்பெடுத்தவர் ஓய்வுபெற்ற சார்ஜென்ட். பெயர்களை மறைத்த ஒரு டிடி-214 படிவத்தை (ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது தரும் சான்று) திரையில் பெரிதாகப் போட்டு, 24ஆம் கட்டத்தில் லேசர் புள்ளியை நிறுத்தினார். எந்த வகை டிஸ்சார்ஜ் என்பது அதில்தான் இருக்கும், ஏன் வெளியே வந்தோம் என்ற காரணம் 28ஆம் கட்டத்தில். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றார். பலர் வீட்டில் வைத்திருக்கும் சுருக்கப் பிரதியில் 24ஆம் கட்ட விவரமே இருக்காது, மெம்பர்-4 என்று அடியில் போட்ட முழுப் பிரதியை எடுத்து வையுங்கள் என்றும் சொன்னார்.

விஷயம் இதுதான். கைத்துப்பாக்கி வாங்க மத்திய சட்டப்படி தகுதி உள்ளவருக்குத்தான் டெக்சஸ் லைசென்ஸ் தரும். 1968ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் டிஸ்சார்ஜை மட்டும் வைத்துத் தடை விழுவது டிஸ்ஹானரபிள் (இருப்பதிலேயே மோசமான வகை) வாங்கியவர்களுக்குத்தான். ஜெனரல் கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்றங்களில் மேல்படி) தீர்ப்பில் டிஸ்மிஸ் ஆன அதிகாரிகளும் அதில் சேர்த்தி. ஜெனரல் டிஸ்சார்ஜுக்குத் தடை இல்லை. அதற்கும் கீழே உள்ள அதர் தேன் ஹானரபிள்கூட அந்த ஒரு காரணத்துக்காகத் தடையாகாது. இதைக் கேட்டதும் நண்பர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லுங்கள் சார் என்றார்.

கெட்ட நடத்தைக்காகக் கோர்ட் மார்ஷல் கொடுக்கும் பேட் காண்டக்ட் டிஸ்சார்ஜ் பற்றிய பேச்சு வந்தபோது சார்ஜென்ட் நிதானமாகிவிட்டார். அந்தப் பெயர் மட்டும் தடையில்லை, அதற்குப் பின்னால் இருக்கும் கோர்ட் மார்ஷல் தண்டனை தடையாகலாம். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றமா, வீட்டில் அடிதடி செய்த வழக்கா என்று பார்ப்பார்கள். நிஜத்தில் எத்தனை மாதம் உள்ளே இருந்தோம் என்பது கணக்கில்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 2017இல் சுட்டவன் விமானப் படையிலிருந்து இந்த டிஸ்சார்ஜில் வந்தவன்தான். மனைவியையும் குழந்தையையும் அடித்த வழக்கின் தண்டனை அவனைத் தடுத்திருக்க வேண்டும், ஆனால் துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்பிஐக்கு விமானப் படை அதை அனுப்பவே இல்லை. அறையில் யாரும் பேசவில்லை. இந்த விதிகள் வெறும் காகிதமில்லை என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது.

டிஸ்சார்ஜை உயர்த்தக் கேட்கும் வழியையும் சொன்னார்: வெளியே வந்து 15 ஆண்டுக்குள் என்றால் டிடி-293 படிவம் போட்டு டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்துக்கு, ஜெனரல் கோர்ட் மார்ஷல் கொடுத்த டிஸ்சார்ஜ் என்றால் அந்த வாரியம் தொடாது, டிடி-149 போட்டு ஆவணத் திருத்த வாரியத்துக்குத்தான் போக வேண்டும். வக்கீலைப் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள் என்றும் சொன்னார், சரியான அறிவுரை.

சுடும் தேர்வு சுலபம்தான், 50 குண்டு, 3, 7, 15 கஜ தூரங்களில். ஆனால் ரேஞ்சில் காத்திருப்பு அதிகம், இரவல் காது மூடி இறுக்கிப் பிடித்தது, சொந்தமாக எடுத்துப் போங்கள். இன்னொரு குறை, முன்மேசையில் கொடுக்கிற துண்டுத்தாளில் இன்னும் “ஹானரபிள் டிஸ்சார்ஜ் கட்டாயம்” என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே சார்ஜென்ட் இவ்வளவு சரியாகச் சொல்ல, வெளியே இந்தத் தாள் ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. நான் சொன்னேன், மாற்றுகிறோம் என்றார்கள். மாற்றும்வரை ஐந்தில் நாலு நட்சத்திரம்தான்.

மாநிலத்துக்குக் கட்டும் 40 டாலர் வகுப்புக் கட்டணத்தில் வராது, தனி. ஹானரபிள் டிஸ்சார்ஜ் உள்ளவர்களுக்கு அது 25 டாலர், அதற்காகவும் டிடி-214 கையில் இருக்கட்டும். நண்பர் அன்று இரவே கைரேகைக்கு நேரம் பதிவு செய்துவிட்டார்.