அரை நாள் கிடைத்தால் எங்கே: கோள்மண்டலமா, பெத்தகானவா, காலிமுகத்திடலா?

கொழும்பில் பிள்ளைகளின் சனி, ஞாயிறு டியூஷனுக்கே சரியாகிவிடுகிறது. அதில் ஒரு அரை நாளை எப்படியாவது மிச்சம் பிடித்தால், விஞ்ஞானத்தைக் கண்ணால் காட்ட எங்கே கூட்டிப்போவது?

பெரும்பாலான பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது, இரவு வானத்தைக் குவிமாடக் கூரையில் ஒளியால் காட்டும் கோள்மண்டலம். 1965இல் கைத்தொழில் கண்காட்சிக்காகக் கட்டியது. கொழும்பு வானத்தில் தெருவிளக்கும் முகிலும் போக மிஞ்சுவது கொஞ்ச வெள்ளிகள்தான். துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 7 பாகை உயரத்தில்தான் நிற்கும்; முன்வீட்டு மாடியே அதை மறைத்துவிடும். அதையெல்லாம் அண்ணாந்து பார்க்க இந்த இருட்டு மண்டபம் நல்ல இடம். ஆனால் காட்சி ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளை நடுவில் “ஏன்?” என்று கேட்டால் நிறுத்த முடியாது. எந்த மொழியில் காட்சி என்பதையும் முதலே விசாரித்துவிட்டுப் போங்கள்.

கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவில் அந்த “ஏன்?” தானாக வரும். நீர்க்காகம் ஒன்று கட்டையில் ஏறிச் சிறகை அகல விரித்தபடி அசையாமல் நிற்கும். எதற்கு? அதன் வெளி இறகுகள் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. நனைந்தால் மிதப்பு குறையும், ஆழம் போய் மீன் பிடிப்பது சுலபம். அதனால்தான் வெளியே வந்ததும் காய வேண்டியிருக்கிறது. பக்கத்திலேயே நிற்கும் கொக்கு ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேட்டுப் பாருங்கள். கொக்கு முங்குவதே இல்லை என்று கொஞ்ச நேரத்தில் பிள்ளையே சொல்லிவிடும். பெரியவர்களுக்கும் அங்கே பாடம் உண்டு. 2010 நவம்பரில் வெள்ளம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. மழைநீரைத் தேக்கி வைக்கும் இந்தச் சதுப்புகளை மண் போட்டு நிரப்பினால் தண்ணீர் வேறெங்கே போகும்? ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமானது, அதைப் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும்.

காலிமுகத்திடலுக்கு டிக்கட் கிடையாது. கரையில் நிற்பவருக்கு அடிவானம் 5 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் தூரத்தில் போகும் கப்பலின் அடிப்பாகம் தெரியாது, மேல்பாகம் மட்டும் தெரியும். பூமியின் வளைவுக்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா? கையில் ஒரு பைனாகுலர் இருந்தால் போதும். என்ன, பட்டமும் இறால் வடையும் கவனத்தைப் பாதி இழுத்துவிடும்.

வெளியே போக வழியில்லையா? ஏப்ரல் முதல் வாரத்தில் மொட்டைமாடியில் ஒரு தும்புத்தடியை நேராக நிறுத்துங்கள். சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வரும் நாளில், பகல் 12.12 அளவில் நிழல் அடியோடு ஒட்டிவிடும்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு என் தெரிவு பெத்தகான. பெரிய வகுப்புப் பிள்ளைக்குக் காலிமுகத்திடல். வானத்தைத் தானாகப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகு கோள்மண்டலம். பெத்தகானவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பறவைகள் நிழலுக்கு ஒதுங்கிவிடும்.